வெயில் எறித்தால் பயமில்லையா?

கேள்வி: சுவிஸிலிருக்கும் மகன், பனிப்புயல் ஓய்ந்து வெயில் எறித்த உடனே கூட்டாளிமாருடன் மலைக்குச் சறுக்கப் போய்விடுகிறார். பனிச்சரிவு வந்தால் என்று கேட்டால், "நாங்கள் கத்தமாட்டோம், அது வராது அம்மா" என்று சிரிக்கிறார். நம்பலாமா?
- ஒரு தாய், கோண்டாவில்

பதில்: கத்தினால் பனி சரியும் என்பது சினிமாக் கதை அம்மா. சரிய வைப்பது ஆளின் பாரம். மாட்டுப்படுபவர்களில் பெரும்பாலானோர் தாங்களோ தங்கள் கூட்டத்தில் ஒருவரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் மாட்டுப்படுகிறார்கள்.

புயலுக்கு அடுத்த நாள் வானம் நீலமாக இருக்கும், இளசுகளுக்குக் கால் பரபரக்கும். ஆபத்தும் அன்றைக்குத்தான் கூட. காற்று அள்ளிவந்து குவித்த புதுப்பனி இறுகிப் பலகையாகிறது. அடியில் பழைய பனி மணிமணியாகத் தளர்ந்து கிடந்தால், பயறு கொட்டிய தரையில் பலகை வைத்த மாதிரித்தான். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஒருவர் ஏறினாலே போதும்.

சுவிஸின் டாவோஸ் நகரிலுள்ள பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு எச்சரிக்கை வெளியிடுகிறது. ஆபத்தின் அளவு 1 முதல் 5 வரை, 5 தான் உச்சம். 3 என்றால் நடுத்தரம்தானே என்று நினைப்பார்கள். அங்கே அதிகம் பேர் இறப்பது அந்த 3இல்தான்.

திறந்துவிட்ட, குறியிட்ட பாதைக்குள் சறுக்கினால் சரி, நீங்கள் நித்திரை கொள்ளலாம். வெளியே போனால் ஆளுக்கொரு தேடற்கருவி (புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சமிக்ஞையால் காட்டுவது), துழாவுகோல் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), மண்வெட்டி வேண்டும். புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. ஹெலி வரும்வரை தாங்காது. ஆகவே மகனின் பையை மட்டும் விசாரிக்காதீர்கள், கூட்டாளிமாரின் பையில் மண்வெட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவரைத் தோண்டப்போவது அவர்கள்தானே.