சுண்டெலியின் கண் நரம்பைப் படித்தால் யார் வேலை தருவார்கள்?

டாக்டருக்குப் படிக்கச் சொன்னால், சுண்டெலியின் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளை ஆராயப் போகிறேன் என்று மகள் அடம்பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு சின்ன விஷயத்தைப் படித்துவிட்டு எங்கே போய் நிற்பாள் என்பது உங்கள் பயம். சின்ன விஷயமா என்று முதலில் பார்த்துவிடலாம்.

சுண்டெலியின் ஒரு கண்ணிலிருந்து சுமார் 45,000 நரம்பிழைகள் மூளைக்குப் போகின்றன. மனிதருக்குப் பத்து லட்சம் அளவில் இருக்கும். இவை விழித்திரையில் உள்ள கேங்லியான் செல்களிலிருந்து கிளம்புபவை. அந்தச் செல்களில் மட்டும் 40க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகை, கண்ணில் படும் பொருள் ஒரு குறிப்பிட்ட திசையில் நகர்ந்தால்தான் துடிக்கும். இன்னொரு வகை வெளிச்சம் எவ்வளவு என்று பார்த்து, உடலின் இரவு பகல் கடிகாரத்துக்குச் சொல்லும். இப்படி ஒரு செல் கண்ணில் இருப்பதே 2002 வாக்கில்தான் உறுதியானது.

சுண்டெலியில் பெரும்பாலான இழைகள் நடுமூளையின் சுப்பீரியர் காலிகுலஸுக்குப் போகின்றன. தலைக்கு மேல் நிழல் பெரிதாகிக்கொண்டே வந்தால் சுண்டெலி சட்டென்று ஓடி ஒளிவதற்கு இந்தப் பகுதி முக்கியமானது. மனிதரிலோ பெரும்பகுதி மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் வழியாக, மூளையின் மேலடுக்கான புறணிக்குப் போகிறது. அப்புறம் இரண்டு கண்ணின் நரம்புகளும் குறுக்கிடும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே சுண்டெலியின் இழைகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து மட்டும் அதே பக்கம் திரும்பும், மற்றதெல்லாம் எதிர்ப்பக்கம் போய்விடும். நமக்குக் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. எந்த இழை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? வேதிக் குறிகளை வைத்துத்தான் இழைகள் இலக்கைக் கண்டுபிடிக்கின்றன என்று நரம்பியல் விஞ்ஞானி ராஜர் ஸ்பெர்ரி 1963இல் எழுதினார். அந்தக் குறிகளில் எஃப்ரின் என்ற புரதக் குடும்பம் முக்கியமானது என்று தெரிய 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் மகளை இழுப்பது இந்தக் கேள்வி என்றால், எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

மருத்துவத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பாலூட்டிகளில் பார்வை நரம்பு சேதமானால் தானாகத் திரும்ப வளராது. பார்வை நரம்பு மெல்லச் சேதமாகும் கிளாக்கோமா நோயில் போன பார்வை திரும்பாததற்குக் காரணம் இதுதான். 2008இல் சுண்டெலியின் விழித்திரைச் செல்களில் பிடென் என்ற மரபணுவை நீக்கியபோது, நசுக்கப்பட்ட நரம்பு ஓரளவு வளர்ந்தது. மனிதருக்கான சிகிச்சையாக அது இன்னும் மாறவில்லை. ஆக, டாக்டருக்குப் படித்துக் கண் மருத்துவம் வழியாகவும் இதே ஆராய்ச்சிக்கு வரலாம். அந்த வழியையும் அவளிடம் சொல்லுங்கள், ஆனால் திணிக்க வேண்டாம்.

சரி, வேலை. சுண்டெலிக் கண் என்பது தலைப்புதான். அவள் கற்றுக்கொள்ளப் போவது மரபணு மாற்றம், நுண் அறுவை, லேசர் நுண்ணோக்கி, படங்களை அலசும் புரோகிராமிங், புள்ளியியல். மரபணு சிகிச்சை, மருந்து ஆராய்ச்சி, மருத்துவப் பட ஆய்வு, நுண்ணோக்கி நிறுவனங்கள் எல்லாம் தேடுவது இந்தத் திறமைகளைத்தான். பேராசிரியர் பதவி மட்டுமே குறி என்றால் யோசிக்க வேண்டும். பிஎச்டி முடிப்பவர்களைவிட அந்த இடங்கள் மிகக் குறைவு. பிஎச்டிக்கு ஐந்தாறு ஆண்டு, அதன் பின் போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆய்வுப் பணி என்று காலமும் நீளும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சோதனை முடிந்ததும் பெரும்பாலும் அந்த எலியைக் கொன்று மூளையை எடுப்பார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, வலி குறைத்துத்தான் செய்வார்கள். இருந்தாலும் செய்யும் கை அவளுடையதாக இருக்கும். சிலருக்கு இது பழகும், சிலருக்குக் கடைசிவரை பழகாது. எலி ஒவ்வாமையால் தும்மலும் ஆஸ்துமாவும் வந்து துறையை மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எலியைத் தொடாமலும் இதில் இருக்கலாம். சுண்டெலியின் பார்வைப் புறணியில் ஒரு கன மில்லிமீட்டரை இழை இழையாக வரைந்து, 50 கோடிக்கும் மேலான நரம்பு இணைப்புகளோடு 2025இல் வெளியிட்டார்கள். மைக்ரான்ஸ் என்ற அந்தத் திட்டத்தின் தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அவள் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைக் கற்றுக்கொண்டு, விடுமுறையில் அதைத் திறந்து பார்க்கட்டும். ஒரு மாதம் கழித்தும் விடாமல் உட்கார்ந்திருந்தால் ஆசை உண்மையானது என்று நான் நம்புவேன்.

இளநிலைப் பட்டத்துக்கு நரம்பியல் என்று பெயர் போட்ட குறுகிய படிப்பு வேண்டாம். உயிரியலோடு கணிதமும் இயற்பியலும் வலுவாக இருக்கும் படிப்பாகப் பாருங்கள். பிறகு ஒரு கோடை விடுமுறையில் ஏதாவது ஆய்வகத்தில் பயிற்சி கேட்கட்டும். அங்கே போனால், இங்கிருந்து முன்பு பிஎச்டி முடித்துப் போனவர்கள் இப்போது என்ன வேலை செய்கிறார்கள் என்று அவளே கேட்கட்டும். பதிலை மழுப்பினால் வேறு ஆய்வகம் பார்க்கச் சொல்லுங்கள்.