நோட்டில் இல்லாத வீடு

ஐயா, ஊத்தங்கரைப் பக்கம் ஆசிரியராக இருக்கிறேன். 2024 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவுக்கு முதலில் சோறு வந்தது பள்ளிவாசலில் இருந்து. மறுநாள் சர்ச்காரர்கள் எங்கள் தெருவுக்குப் போர்வை கொண்டுவந்தார்கள். படுத்தது கோயில் மண்டபத்தில். அரசு செய்யவேண்டியதை மத அமைப்புகள் செய்வது சரியா? இதில் மதப் பிரசாரம் கலந்துவிடாதா?
க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது இங்கே மாரியம்மன் பண்டிகைக்கு வரி வசூல் நடந்துகொண்டிருந்தது. நானும் கிட்டத்தட்ட இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிரசாரக் கவலையை விடுங்கள். பசிக்குச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் வடிந்ததும் பொட்டலம் கொடுத்தவரின் தொப்பியை ஆராய்வது அழகில்லை. அரசின் வேலைதான், சரி. ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டி, ஏரி வழிந்து, பேருந்து நிலையப் பக்கம் நின்ற கார்களும் வேன்களும் உருண்டுபோன காலையில் தாசில்தார் ஜீப் எந்த வழியாக வந்திருக்கும்?

எனக்குப் பேச வேண்டியது வரி நோட்டைப் பற்றி. ஒரு கிராமத்தின் ஆள் கணக்கு தர்மகர்த்தா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் அளவுக்கு விஏஓ ஆபீசில்கூட இருக்காது. தலைக்கட்டு வரி நோட்டைப் பிரித்தால் யார் பெங்களூருக்கு வேலைக்குப் போனார், எந்தக் கிழவி தனியாக இருக்கிறாள், எல்லாம் தெரியும். ஜமாத்திடம் சந்தா நோட்டு, பங்குத்தந்தையிடம் குடும்பப் பதிவேடு. கூடவே அண்டா, ஜெனரேட்டர், மைக் செட். கரண்ட் போய், செல்போன் டவரும் செத்த ராத்திரியில் "மேட்டுக்குப் போங்க" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்ல வேறு என்ன இருக்கிறது?

ஆனால் எங்கள் நோட்டில் தலித் மக்கள் இருக்கும் காலனி கிடையாது. வரி வாங்கினால் கோயிலில் உரிமை கேட்பார்கள் என்று வாங்குவதே இல்லை. என் சின்ன வயதில் ஒரு அடைமழை. மண்டபத்தில் கஞ்சி காய்ச்சி, தாத்தா நோட்டைப் பார்த்துப் பேர் பேராகக் கூப்பிட்டு ஊற்றினார். அதிகம் சுவர் இடிந்தது ஓடையோரக் காலனியில். அவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மிஞ்சியது அவர்களுக்குப் போனது. மிஞ்சாமல் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று பாட்டியைக் கேட்டேன். "அவங்க பேரு நோட்டுல இல்லியே சாமி" என்றாள். ஈ எறும்புக்குக்கூட அரிசி மாவு போடுகிற பாட்டி.

2004 சுனாமியில் செத்தவர்களை மதம் பார்க்காமல் தன் நிலத்தில் அடக்கம் செய்ய இடம் கொடுத்தது நாகூர் தர்கா. அதே கடற்கரையில் சில முகாம்களில் தலித் குடும்பங்களை உள்ளே சேர்க்கவில்லை. இரண்டும் நம் ஆட்கள் செய்ததுதான்.

நீங்களும் லேசுப்பட்டவர் இல்லை. ஆறேழு வரியில் இரண்டு முறை "எங்கள் தெரு". உங்கள் ஊர்க் காலனிக்குச் சோறு போனதா என்று ஒரு வார்த்தை இல்லை. உங்கள் வகுப்பில் அங்கிருந்து வரும் பிள்ளைகள் இருப்பார்களே, கேட்டீர்களா?

இந்த வருஷம் காலனி வீடுகளையும், செங்கல் சூளையில் தங்கியிருக்கும் வடநாட்டுக்காரர்களையும் வரி இல்லாமலே எழுதச் சொன்னேன். "வரி இல்லாம பேரு எழுத நோட்டுல கட்டமே இல்லீங்க" என்கிறார் ஊர்க்கவுண்டர். புது நோட்டு நான் வாங்கித் தருகிறேன் என்றேன். பண்டிகை முடியட்டும் என்றார். பண்டிகை முடிந்தால் மழைக்காலம்.

நீங்கள் விசாரித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.