ஒரே ஏர்சாஃப்ட் ரைஃபிளின் பாகங்களை மாற்றி, கட்டடக் களத்திலும் காட்டுக் களத்திலும் ஆட முடியுமா?

கேள்வி: என் சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. இப்போது இங்கிலாந்தில் படிக்கிறேன். என்னிடம் எம்4 வடிவ மின்சார ஏர்சாஃப்ட் ரைஃபிள் (சிறு பிளாஸ்டிக் குண்டுகளைக் காற்றழுத்தத்தால் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) ஒன்று இருக்கிறது. ஒரு வாரம் கட்டடத்துக்குள்ளும் மறுவாரம் காட்டிலும் ஆடுகிறோம். நீளமான பேரல் (குண்டு வெளியேறும் குழாய்), வலுவான ஸ்பிரிங் என்று பாகங்களை மாற்றிக்கொண்டால் போதுமா, இரண்டாவது துப்பாக்கி வாங்க வேண்டுமா?

பதில்: இரண்டாவது துப்பாக்கி தேவையில்லை. ஆனால் நீங்கள் மாற்ற நினைக்கும் இரண்டு பாகங்களும் பட்டியலின் கடைசியில் வர வேண்டியவை. முதலில் காற்றுக் கசிவு, அடுத்து குண்டைச் சுழலவைக்கும் ஹாப் ரப்பர், அதற்கடுத்து குண்டின் எடை, அதன் பிறகுதான் ஸ்பிரிங். பேரலை மாற்றாமலே பல ஆண்டுகள் நன்றாக ஆடலாம். இங்கிலாந்தில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தபோது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆடியவன் என்ற முறையிலும், இப்போது கோவை ஆவாரம்பாளையத்தில் பெரியப்பாவின் பம்புப் பட்டறையில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன்.

தொலைவைப் பற்றிய ஒரு தெளிவு முதலில் வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மரத்துக்கு மரம் 25 அடி, அதாவது ஏறக்குறைய ஏழரை மீட்டர் இடைவெளி விடுவார்கள். தோப்பின் ஒரு வரிசையில் நின்று ஏழாவது மரத்துக்கு அப்பால் இருப்பவரைக் குறிபார்த்தால் அது 50 மீட்டரைத் தாண்டிய தொலைவு. நன்றாகச் சீர்செய்யப்பட்ட மின்சார ரைஃபிள் ஓர் ஆள் அளவு இலக்கை நம்பிக்கையோடு தொடும் எல்லை பெரும்பாலும் அவ்வளவுதான். கட்டடக் களமோ பல்லடம் பக்கத்துத் தறிக் குடோனைப் போன்றது. கதவுக்குக் கதவு, தூணுக்குத் தூண் பார்த்தால் பெரும்பாலான சூடுகள் இரண்டு மரத்து இடைவெளிக்குள் முடிந்துவிடும். ஏழு மரத் தொலைவுக்கும் இரண்டு மரத் தொலைவுக்கும் ஒரே கருவியைத் தயார் செய்வதுதான் உங்கள் வேலை.

என் முதல் ஆண்டில் நானும் உங்களைப் போலவே நினைத்தேன். 363 மில்லிமீட்டர் நீளமும் 6.08 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட பேரலைக் கழற்றிவிட்டு, 509 மில்லிமீட்டர் நீளமும் 6.01 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட ஒன்றை வாங்கி மாட்டினேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதியை மறைக்கப் போலி சைலன்சர் ஒன்றும் வாங்கினேன். குண்டின் வேகத்தை அளக்கும் களத்தின் குரோனோகிராஃபில் நொடிக்கு 102 மீட்டர் காட்டிய துப்பாக்கி, அதன் பிறகு 93 மீட்டர் காட்டியது. பணம் கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

காரணம் எளிய கணக்கு. பழைய பேரலின் உள்கொள்ளளவு சுமார் 10.5 கன சென்டிமீட்டர், புதியதின் கொள்ளளவு சுமார் 14.4. ஆனால் அதற்குக் காற்றை ஊட்டும் உருளை மாறவில்லை. எம்4 அளவுப் பேரலுக்கான உருளையின் பக்கவாட்டில் பெரும்பாலும் ஒரு துளை இருக்கும். உருளைக்குள் ஸ்பிரிங் முன்தள்ளும் பிஸ்டன் அந்தத் துளையைக் கடந்த பிறகுதான் காற்று அழுத்தம் பெறத் தொடங்கும். அது குட்டைப் பேரலுக்குப் போதுமான காற்று. நீண்ட பேரலில் குண்டு வாயை அடைவதற்குள் தள்ளும் காற்று தீர்ந்துவிட, மிச்சத் தொலைவில் உராய்வு குண்டைப் பிடித்து இழுக்கிறது. பொதுவாக உருளை தரும் காற்றின் அளவு பேரலின் கொள்ளளவைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருப்பது நல்லது. கனமான குண்டு பேரலுக்குள் சற்று அதிக நேரம் இருப்பதால் அதற்கு இரண்டு மடங்கை ஒட்டிய அளவு ஏற்றது. ஆகவே, நீண்ட பேரலை மாட்டியே தீர வேண்டும் என்பவர் துளையில்லாத முழு உருளையையும் சேர்த்து மாற்ற வேண்டும். அதற்கு, உருளையும் பிஸ்டனும் ஸ்பிரிங்கும் அடங்கிய கியர்பாக்ஸை முழுவதுமாகப் பிரிக்க வேண்டும்.

இறுக்கமான உள்விட்டத்திலும் ஒரு சிக்கல் உண்டு. குண்டை 6 மில்லிமீட்டர் என்று சொன்னாலும் அதன் உண்மை விட்டம் ஏறத்தாழ 5.95. அப்படியானால் 6.01 பேரலில் எல்லாப் பக்கமும் 0.03 மில்லிமீட்டர்தான் இடம் இருக்கிறது. காட்டில் ஒரு முறை முழங்காலிட்டு எழுந்தால் உள்ளே போகும் தூசிக்கே அது போதாது. காட்டுக்குப் போகிறவர் இறுக்கமான பேரலைத் தேடுவதைவிட, இருக்கும் பேரலை ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் துணிசுற்றிய கம்பியால் துடைத்து வைப்பது அதிகப் பலன் தரும்.

அந்த ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வந்தபோது உருளை, பிஸ்டன், உருளையின் முன்முனையை மூடும் உருளைத்தலை ஆகிய மூன்றை மட்டும் எடுத்து வந்து பெரியப்பாவிடம் காட்டினேன். நாற்பது ஆண்டுகளாகப் போர்க்கிணற்றுக் கம்ப்ரசர்களுக்கு ரிங் மாற்றி வருபவர் அவர். மூன்றையும் சேர்த்துப் பிடித்து, தலையின் துளையை விரலால் அடைத்து, பிஸ்டனை மெல்லத் தள்ளினார். பிஸ்டன் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய்விட்டது. "கண்ணு, காத்தே நிக்கலியே. அப்பறம் குழாய் எத்தனை நீளமிருந்து என்ன பண்றது?" என்றார். பேரல்களைப் பற்றி அதுவரை நான் படித்திருந்த எல்லாவற்றையும்விட அந்த ஒரு கேள்வி எனக்குப் பயன்பட்டது.

அவர் செய்தது மிகச் சிறிய வேலை. பிஸ்டன் தலையில் தளர்ந்திருந்த ஓ-ரிங்கை எடுத்துவிட்டு, பருமன் இம்மியளவு கூடுதலான நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்கைப் போட்டார். உருளைத்தலையின் பொருத்துமிடத்தில் குழாய்வேலைக்குப் பயன்படும் வெள்ளை டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினார். உருளைச் சுவரில் சிலிக்கான் கிரீஸைப் பட்டும் படாமலும் தடவினார். மறுபடி விரலால் அடைத்துத் தள்ளியபோது பிஸ்டன் பாதியில் நின்று, கையை எடுத்ததும் திரும்பி வந்தது. திரும்பிச் சென்று பழைய 363 பேரலோடு பூட்டிச் சுட்டபோது வேகம் கூடியதைவிட, பத்துச் சூட்டின் வேகமும் ஒன்றையொன்று ஒட்டி வந்ததே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஒரு சூடு 95, அடுத்தது 103 என்று தாவும் துப்பாக்கியில் ஹாப்பை எப்படித் திருகினாலும் குண்டுகள் ஒரே இடத்துக்குப் போகா. காற்றுக் கசியும் இன்னோர் இடமும் உண்டு. முன்னும் பின்னும் நகரும் சிறிய காற்றுமுனையான நாசில் ஹாப் ரப்பரின் வாயில் போய்ப் பொருந்தும் இடம் அது. அதையும் சேர்த்துச் சோதியுங்கள்.

கசிவு நின்ற பிறகு ஹாப்-அப்புக்கு வாருங்கள். தொலைவைத் தீர்மானிக்கும் உண்மையான பாகம் இதுதான். பேரலின் பின்முனையில் உள்ள ரப்பர் குண்டின் மேல்பகுதியை அழுத்திப் பிடிப்பதால், குண்டு பின்னோக்கிச் சுழன்றபடி வெளியேறுகிறது. அந்தச் சுழற்சி மேக்னஸ் விளைவால் குண்டைத் தூக்கிப் பிடிக்கிறது. 0.20 கிராம் குண்டு 1 ஜூல் ஆற்றலில் நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலும், சுழற்சி இல்லாவிட்டால் சில தென்னை மரங்களுக்குள் மண்ணைத் தொட்டுவிடும். அதே ஆற்றலில் 0.28 கிராம் குண்டு சுமார் 84 மீட்டர் வேகத்தில்தான் கிளம்பும். ஆனால் காற்றில் வேகத்தை மெதுவாகவே இழக்கும், பக்கக்காற்றுக்கும் அவ்வளவாக ஒதுங்காது. அதைத் தூக்கிப் பிடிக்க ரப்பர் கூடுதல் சுழற்சி தர வேண்டும். அதனால் கனமான குண்டும் நல்ல ரப்பரும் பிரிக்க முடியாத இணை.

காட்டுக்கு 0.28 அல்லது 0.30, கட்டடத்துக்கு 0.20 அல்லது 0.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையை மாற்றும்போதெல்லாம் ஹாப் திருகியையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். குண்டு 30 மீட்டரிலேயே மேலே ஏறினால் ஹாப் அதிகம், சீக்கிரம் விழுந்தால் குறைவு. நெடுந்தொலைவுக்கு நேராகப் போய் இறுதியில் மெல்லத் தாழ வேண்டும். ஒரு ஜூல் அளவுத் துப்பாக்கிக்கு 50 அல்லது 60 டிகிரி கடினம் கொண்ட மென்மையான ரப்பர் போதும். மேலிருந்து அழுத்தும் சிறு துண்டைத் தட்டையான ஒன்றாக மாற்றினால் குண்டைத் தொடும் பரப்பு கூடி, கனமான குண்டையும் எளிதில் தூக்கும். இந்த இரண்டின் விலையும் சேர்ந்து ஒரு பேரலின் விலைக்குக் கீழேதான் வரும். ரப்பரின் உட்புறத்தில் கிரீஸோ எண்ணெயோ படக்கூடாது. பட்டிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். சிலிக்கான் ரப்பராக இருந்தால் சிலிக்கான் எண்ணெயே அதை ஊதச் செய்துவிடும். காட்டுக் களங்கள் பலவற்றில் மக்கும் குண்டுகளையே கேட்பார்கள். அவை ஈரத்தை இழுப்பதால் பையைத் திறந்த பிறகு மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள்.

ஸ்பிரிங்குக்கு இப்போது வரலாம். எம்90, எம்100 என்ற பெயர்கள் 0.20 கிராம் குண்டுக்கு நொடிக்கு ஏறக்குறைய அத்தனை மீட்டர் என்பதைக் குறிப்பவை. இங்கிலாந்தில் 2017ஆம் ஆண்டின் சட்டப்படி, தொடர்ந்து சுடக்கூடிய ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு 1.3 ஜூல், ஒற்றைச் சூட்டுத் துப்பாக்கிக்கு 2.5 ஜூல் என்று எல்லை உண்டு. அதைத் தாண்டினால் சட்டத்தின் பார்வையில் அது ஏர்சாஃப்டாக இருக்காது. உங்களுடையது முதல் வகை. 1.3 ஜூல் என்பது 0.20 கிராம் குண்டுக்கு நொடிக்கு சுமார் 114 மீட்டர். பல களங்களின் எல்லையான நொடிக்கு 350 அடி வேகம் அதே குண்டுக்கு சுமார் 1.14 ஜூல். கட்டடக் களங்களில் எல்லை இதைவிடக் குறைவாகவும் இருக்கும். ஆகவே காட்டுக்கு எம்100, கட்டடத்துக்கு எம்90 என இரண்டு ஸ்பிரிங்குகள் போதும். எம்120 உங்களுக்கு எந்தக் களத்திலும் பயன்படாது.

உங்கள் கியர்பாக்ஸ் பின்புறமாக ஸ்பிரிங்கை மாற்றக்கூடிய வகையா என்று பாருங்கள். அப்படியென்றால் தோளில் அணைக்கும் பின்பகுதியான ஸ்டாக்கைக் கழற்றி, அறுகோணச் சாவியால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். இல்லையென்றால் கியர்பாக்ஸைத் திறந்துதான் ஆக வேண்டும். எந்த வகையானாலும் மேகசினைக் கழற்றி, உள்ளே குண்டு இல்லை என்பதை உறுதிசெய்து, ஒற்றைச் சூட்டில் விசையை ஒரு முறை வெறுமனே அழுத்தி, பிறகு பேட்டரியைப் பிரியுங்கள். கியர் பாதியில் நின்று ஸ்பிரிங் சுருங்கியிருந்தால், கியர் பின்னோக்கிச் சுழல்வதைத் தடுக்கும் கொக்கியை விடுவித்த பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் பாய்ந்து முகத்தில் அடிக்கும்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும், அன்று எந்தக் குண்டால் ஆடப் போகிறீர்களோ அதே குண்டால் வேகத்தை அளந்து, ஆற்றலைக் கணக்கிடுங்கள். உருளையின் காற்று மிகுதியாக இருந்தால் கனமான குண்டு கூடுதல் ஆற்றலைப் பெறும். 0.20இல் எல்லைக்குள் இருந்த துப்பாக்கி 0.30இல் எல்லையைத் தாண்டியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எதிரில் நிற்பவர் நம் நண்பர் என்பதால் இதில் நான் கறாராகவே இருப்பேன்.

கட்டடக் களத்தில் விசையை அழுத்தியவுடன் சூடு கிளம்புவதுதான் முக்கியம். அதற்கு நியோடிமியக் காந்தம் கொண்ட மோட்டாரும், விசையின் தொடர்பு முனைகள் கருகாமல் காக்கும் மாஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்சும் உதவும். 11.1 வோல்ட் பேட்டரிக்குத் தாவும் முன் பிஸ்டனின் பற்கள் உலோகமா என்று பாருங்கள். ஸ்டாக், கைப்பிடி, குறிநோக்கி ஆகியவை உங்கள் வசதிக்கானவை, அவற்றில் நான் தலையிட மாட்டேன்.

கண்களைக் காக்கும் கண்ணாடியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஐரோப்பிய ஈஎன் 166 தரத்தில் எஃப் குறியீடு கொண்ட கண்ணாடி, 0.86 கிராம் எஃகுக் குண்டை நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் தாங்கும். கணக்கிட்டால் அது 0.87 ஜூல்தான். உங்கள் களத்தின் எல்லையே அதைவிட அதிகம். பி குறியீடு 120 மீட்டர் வேகத்தைத் தாங்கும், அதாவது 6 ஜூலுக்கு மேல். பி குறியீடு உள்ளதையே வாங்குங்கள்.

விடுமுறைக்கு உடுமலை வரும்போது துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள். உண்மைத் துப்பாக்கியைப் போலத் தோன்றும் பொருளை, சுங்கத் துறையிடமும் காவல் துறையிடமும் எழுத்தில் தெளிவு பெறாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே சிக்கல் தொடங்கும். பிஸ்டன் தலையின் ஓ-ரிங் அளவை வெர்னியரில் எடுத்து, உள்விட்டத்தையும் பருமனையும் குறித்து வாருங்கள். கோவையில் பம்பு உதிரிபாகம் விற்கும் கடைகளில் அந்த அளவையும் அதைவிடப் பருமன் இம்மியளவு கூடுதலான அளவையும் நைட்ரைலில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். திரும்பிப் போனதும் முதலில் அதைப் போட்டு, விரலால் அடைத்துத் தள்ளிப் பாருங்கள்.