தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரை டிவியில் இணைத்துப் படம் பார்த்தால் திணறுகிறது. கார்டு வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். கீழே சொல்லும் இரண்டு சோதனைகளைச் செய்து பார்க்கும் வரையாவது வாங்காதீர்கள்.

உங்கள் கேள்வியில் இருப்பது இவ்வளவு: ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர், அதிலேயே உள்ள இன்டெல் கிராபிக்ஸ், 4கே டிவி. ஆட்கள் உட்கார்ந்து பேசும் காட்சிகளில் ஒரு குறையும் தெரிவதில்லை. கேமரா பக்கவாட்டில் மெல்ல நகரும்போது மட்டும் படம் தத்தித் தத்திப் போகிறது. என் வீட்டிலும் கிட்டத்தட்ட இதே பெட்டிதான், 2017இல் வாங்கியது. இதே குறையைச் சொன்னதும் கடையில் உடனே ஒரு கார்டைக் காட்டினார்கள். நல்லவேளை, அன்று கையில் பணம் இல்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'திணறுகிறது' என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, சுருக்கி வைத்த படத்தைக் கம்ப்யூட்டரால் நேரத்துக்குள் பிரித்துக் கொடுக்க முடியாமல் ஃபிரேம்கள், அதாவது படத்தின் தனித்தனிக் காட்சித் துண்டுகள், விடுபடுவது. இரண்டாவது, எல்லா ஃபிரேமும் வந்து சேர்ந்தும், அவை டிவியில் சீரான இடைவெளியில் விழாமல் போவது. முதலாவதற்குத்தான் வன்பொருள் காரணம். இரண்டாவதற்கு எவ்வளவு விலையுயர்ந்த கார்டு போட்டாலும் பயன் இல்லை, ஏனென்றால் அது வெறும் கணக்குப் பிழை.

எது என்று கண்டுபிடிக்க, அதே படத்தை விஎல்சி பிளேயரில் ஓட்டி, கன்ட்ரோலுடன் ஜே விசையை அழுத்துங்கள். வரும் பெட்டியில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற பக்கத்தில், விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை இருக்கும். அப்புறம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியு பக்கத்தில் 'வீடியோ டிகோட்' என்ற வரைபடத்தைப் பாருங்கள். படம் ஓடும்போது அந்தக் கோடு மேலே எழுந்து நின்றால், படத்தைப் பிரிக்கும் வேலையை கிராபிக்ஸில் உள்ள தனிச் சுற்று செய்கிறது என்று அர்த்தம். அது தரையோடு கிடந்து, பிராசஸர் 80, 90 சதவீதம் என்று ஏறினால், வேலை தவறான ஆளிடம் போயிருக்கிறது. என் பெட்டியில் டிகோட் கோடு அழகாக எழுந்து நின்றது, விடுபட்ட ஃபிரேம் பூஜ்யம், ஆனாலும் படம் தத்தியது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

காரணம் இதுதான். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். விண்டோஸ் வழக்கமாக டிவிக்கு 60 ஹெர்ட்ஸில் அனுப்புகிறது, அதாவது நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படுகிறது. 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. பாதி முறை என்று எதுவும் கிடையாது. அதனால் ஒரு ஃபிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படுகிறது. ஒன்று 50 மில்லிநொடி நிற்கிறது, அடுத்தது 33 மில்லிநொடிதான் நிற்கிறது. ஆட்கள் அசையாமல் பேசும்போது கண்ணுக்கு இது தெரியாது. கேமரா ஒரு தெருவை நிதானமாகக் காட்டிக்கொண்டு போகும்போதும், கடைசியில் பெயர்கள் கீழிருந்து மேலே ஏறும்போதும் தெரியும். எழுத்துகளை மட்டும் உற்றுப் பாருங்கள், நீளமாய் ஒன்று, குட்டையாய் ஒன்று என்று படியேறுவது போல இருக்கும்.

சரி, தீர்வு? படம் என்ன வேகத்தில் இருக்கிறதோ, அதே வேகத்துக்கு டிவியையும் மாற்றிவிடுவதுதான். நான் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் 60ஐ 24 ஆக்கினேன். அன்று இரவு படம் வெண்ணெய் போல ஓடியது. அப்பாவுக்கு மட்டும் திருப்தி இல்லை. "அப்பப்போ ஏதோ இடறுதுடா, கல்லுல கால் பட்ட மாதிரி" என்றார். எனக்குத் தெரியவே இல்லை. அவர் விடவில்லை. மறுநாள் போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் "இப்போ" என்று சொல்லும்போதெல்லாம் அழுத்தினேன். 42 நொடி, 41 நொடி, மறுபடி 42.

அந்த எண்தான் விடையையே சொல்லிவிட்டது. டிஸ்கிலிருந்தும் ஆன்லைனிலிருந்தும் வரும் பல படங்கள் சரியாக 24இல் இல்லை, 23.976இல் இருக்கின்றன. 1953இல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சித் தரம் வந்தபோது, வண்ண சிக்னலும் ஒலியும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க ஃபிரேம் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தார்கள். 30 என்பது 29.97 ஆனது. சினிமாவை அந்த டிவிக்குக் கொண்டுவரும்போது 24, 23.976 ஆனது. அந்தப் பழக்கம் இன்றுவரை தொடர்கிறது. 24க்கும் 23.976க்கும் உள்ள வித்தியாசம் நொடிக்கு 0.024 ஃபிரேம். அது சேர்ந்து சேர்ந்து ஒரு முழு ஃபிரேம் ஆக ஏறத்தாழ 41.7 நொடி பிடிக்கும். அப்போது ஒரு ஃபிரேம் இரண்டு முறை காட்டப்படும். அப்பாவின் கண் பிடித்தது அதைத்தான். பட்டியலில் 24க்குக் கீழே 23 என்றோ 23.976 என்றோ இன்னொன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்ததும் இடறல் போய்விட்டது.

ஆனால் எல்லாப் படத்துக்கும் 23.976 என்று வைத்துவிட்டாலும் ஆகாது. சரியாக 24இல் இருக்கும் இந்தியப் படங்களும் உண்டு. நம் ஊர் டிவி நிகழ்ச்சிப் பதிவுகள் 25ஐ அடிப்படையாகக் கொண்டவை, அவற்றுக்கு 50 ஹெர்ட்ஸ்தான் பொருத்தம். ஒவ்வொரு படத்துக்கும் போய் கையால் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் டிவியோடு இணைக்கும் பெட்டிக்குக் கோடி என்ற இலவச பிளேயரைப் பரிந்துரைக்கிறேன். அதன் செட்டிங்ஸில் பிளேயர், வீடியோஸ் என்று போனால் 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்' என்று ஒரு வரி இருக்கும். அதை 'ஆன் ஸ்டார்ட் ஸ்டாப்' என்று வையுங்கள். படம் தொடங்கும்போது டிவியைத் தானே சரியான வேகத்துக்கு மாற்றி, முடிந்ததும் பழையபடி ஆக்கிவிடும். மாறும்போது டிவி இரண்டு மூன்று நொடி கறுத்துவிட்டு வரும், பயப்பட வேண்டாம். அந்த நேரத்தில் படத்தின் முதல் வசனம் போய்விடாமல் இருக்க, செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே என்ற இடத்தில் சில நொடி காத்திருக்கச் சொல்லும் வசதியும் உண்டு. இந்த வரிகள் கண்ணில் படவில்லை என்றால், இடது கீழ் மூலையில் உள்ள நிலையை எக்ஸ்பர்ட்டுக்கு மாற்றுங்கள். படம் ஓடும்போது ஓ விசையை அழுத்தினால் ஃபிரேம் வேகம் என்ன, பிரிப்பது வன்பொருளா மென்பொருளா என்று திரையிலேயே காட்டும்.

இனி, உண்மையிலேயே ஃபிரேம் விடுபட்டால் என்ன செய்வது? அங்கே பிராசஸரின் வேகத்தை விட அதன் வயதுதான் முக்கியம். பிரிக்கும் சுற்றுக்கு எந்த கோடெக், அதாவது படத்தைச் சுருக்கும் எந்த முறை, தெரியும் என்பது தலைமுறையைப் பொறுத்தது. ஹெச்.264, ஹெச்இவிசி, ஏவி1 எல்லாம் அப்படிப்பட்ட முறைகள்; 8 பிட், 10 பிட் என்பது நிறத்தின் நுணுக்க அளவு. இன்டெலில் 8 பிட் ஹெச்இவிசி ஆறாம் தலைமுறையிலிருந்து முழுமையாக வருகிறது. 4கே படங்களில் பெரும்பாலும் இருக்கும் 10 பிட் ஹெச்இவிசி ஏழாம் தலைமுறையிலிருந்து. ஏவி1 பதினோராம் தலைமுறையிலிருந்து. ஏஎம்டியில் 2018இல் வந்த ரைசன் 2200ஜி, 2400ஜி இரண்டுமே 10 பிட் ஹெச்இவிசியைத் தாங்கும். ஆகவே உங்கள் பெட்டிக்கு ஹெச்இவிசி 4கே தடையில்லை, ஏவி1 4கேதான் சிரமம். பழைய ஹெச்.264இலேயே 10 பிட்டில் செய்த கோப்புகள் ஜப்பானிய அனிமேஷன் பக்கம் நிறையக் கிடைக்கும். அவற்றை உங்கள் கிராபிக்ஸ் மட்டுமல்ல, பல புதிய தனிக் கார்டுகளும்கூட எடுத்துக்கொள்ளாது. பிராசஸரே செய்ய வேண்டும், 1080பி அளவுக்கு உங்கள் ஐ5 போதும்.

இன்னொரு முக்கியமான இடம் ரேம். ஒருங்கிணைந்த கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, கம்ப்யூட்டரின் ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. 10 பிட் 4கே படத்தில் பிரித்து முடித்த ஒரே ஒரு ஃபிரேம் கிட்டத்தட்ட 25 எம்பி. எழுதுவது, படிப்பது, நிறம் மாற்றுவது, அளவு மாற்றுவது என்று அது பலமுறை ரேமுக்கும் கிராபிக்ஸுக்கும் இடையே போய் வருகிறது. 2400 வேக டிடிஆர்4 ரேம் ஒரே ஒரு குச்சியாக இருந்தால் பாதையின் அகலம் நொடிக்கு 19.2 ஜிபி, இரண்டாகப் போட்டால் 38.4. என் பெட்டியில் 8 ஜிபி ஒற்றைக் குச்சி இருந்தது. இரண்டாவதைச் சரியான ஸ்லாட்டில் போட்டதும், வேறு சில 4கே படங்களில் அவ்வப்போது விடுபட்டுக்கொண்டிருந்த ஃபிரேம்கள் நின்றன. கார்டு வாங்க ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவழியுங்கள்.

டிவியோடு இணைக்கும் ஹெச்டிஎம்ஐ போர்ட் உங்கள் மதர்போர்டில் 1.4 பதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் 4கே 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. மவுஸ் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வரும், அது எரிச்சல்தான். ஆனால் சினிமாவுக்கு வேண்டியது 24தான், அதை 1.4 தாராளமாகத் தரும். மெனுவுக்கு 1080பி 60 ஹெர்ட்ஸ், படத்துக்கு 4கே 23.976 என்று கோடியிலேயே அமைத்துக்கொள்ளலாம்.

டிவி பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ, ஆட்டோ மோஷன் பிளஸ் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் ஒரு வசதி இருக்கும். அது இல்லாத ஃபிரேம்களைத் தானே கற்பனை செய்து இடையில் செருகும். சினிமா சீரியல் போல ஆகிவிடும், வேகமான காட்சிகளில் உருவத்தின் ஓரங்கள் கலங்கும். நான் அணைத்தே வைத்திருக்கிறேன்.

பிரவுசரில் ஓடிடி பார்ப்பவர்களுக்கு இந்தத் தானியங்கி மாற்றம் கிடைக்காது. படம் தொடங்கும் முன் கையால் மாற்றிக்கொள்ள வேண்டும். டிவியும் கம்ப்யூட்டரும் 120 ஹெர்ட்ஸைத் தாங்கினால் அதில் வைத்துவிடுங்கள், 24க்கு அது ஐந்து மடங்கு என்பதால் ஒவ்வொரு ஃபிரேமும் சமமாக நிற்கும்.

இத்தனைக்குப் பிறகும் உங்களிடம் இருப்பவை ஏவி1 4கே கோப்புகள்தான் என்றால் வன்பொருள் மாற வேண்டும், அதில் சந்தேகமில்லை. அப்போதும் பழைய பெட்டியில் கார்டு செருகுவதைவிட, இன்டெல் என்100 போட்ட சிறிய மினி பிசி ஒன்றை வாங்கிவிடலாம். 6 வாட் பிராசஸர், ஏவி1 தெரியும், விசிறிச் சத்தமே இல்லாத மாடல்களும் உண்டு. வாங்கும்போது ஹெச்டிஎம்ஐ 2.0 இருக்கிறதா என்று மட்டும் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.