பையன் கோயிலே கதி என்று கிடக்கிறான்

நன்னிலம் பக்கத்திலிருந்து ஒரு தாயின் கேள்வி. பி.காம். முடித்த மகன் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறான். ரிசல்ட் நல்லபடியாக வர வேண்டுமென்று தெருக்கோடி சிவன் கோயிலுக்கு விளக்குப் போடப் போனவனிடம், வயதான குருக்கள் "கண்ணு சரியாத் தெரியலப்பா, இந்த உபயதாரர் நோட்டைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்றிருக்கிறார். அன்றைக்கு உட்கார்ந்தவன்தான். இப்போது காலையும் மாலையும் அங்கேயே. "படிச்ச பிள்ளை விளக்கு தேய்ச்சிக்கிட்டு இருக்கான் சார். ஊர்ல கேக்குறாங்க, நான் என்ன சொல்றது?"

ஊருக்கு என்ன சொல்வது என்பதை விடுங்கள் அம்மா. அவனுக்கு வேலை கிடைத்தாலும் ஊர் ஏதாவது கேட்கும்.

உங்கள் வீட்டுக்காரர் விவசாயி என்கிறீர்கள். ஜூன் 12 மேட்டூர் திறக்கிற நாள் என்று பேர். திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வது தனிக்கதை. அதுவரை அவர் மதகடியில் உட்கார்ந்து ஆற்றையா பார்த்துக்கொண்டிருக்கிறார்? கோடை உழவு ஓட்டுகிறார், எரு அடிக்கிறார், வாய்க்காலில் மண்டிய கோரையை வெட்டுகிறார். பையன் மட்டும் போனைத் திறந்து திறந்து தேர்வாணையத்தின் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றால் எப்படி?

நானும் ஒரு வருடம் காத்திருந்தவன். வங்கித் தேர்வு எழுதிவிட்டு, தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரர் சைக்கிளை எதிர்பார்த்துத் திண்ணையில் நிற்பேன். ஒருநாள் எங்கள் ஊர்க் கோயில் மடப்பள்ளியில் ஆள் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். தேங்காய் துருவப் போனேன். துருவலில் கவனம் தப்பினால் விரல் போய்விடும். அந்த அரை மணி நேரம் தபால் ஞாபகமே வரவில்லை. அந்த வங்கி வேலை கடைசிவரை எனக்குக் கிடைக்கவில்லை, அது வேறு.

"இந்தக் கோயில் வேலையை பயோடேட்டாவில் போடலாமா?" என்று சில பெற்றோர் கேட்பார்கள். உங்களுக்குக் கிட்டத்தில்தான் திருப்புகலூர் இருக்கிறது. அங்கே அப்பர் உழவாரத்தால் புல் செதுக்கியபோது பொன்னும் மணியும் தரையில் கிடந்தன என்கிறது பெரியபுராணம். அவற்றையும் பருக்கைக் கல்லோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு அவர் பாட்டுக்கு வேலையைத் தொடர்ந்தார். பயோடேட்டா கேள்விக்கு என் பதில் இதுதான்.

ஆனால் பிள்ளைகளுக்குப் படிப்பு, வேலைக்கு வழி சொல்வது என் தொழில், அதனால் என் கண் அந்தப் பொன் மேலும் போகத்தான் செய்கிறது. மகன் பிராகாரச் சுவரில் "சாவா மூவாப் பேராடு" என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, 96 ஆடு எதற்கு என்று வீட்டில் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது நந்தா விளக்குக் கொடை. ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகளை இடையர் வசம் விடுவார்கள். அவர்கள் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகள் ஈடுகட்டிக் கணக்குக் குறையாது, அதனால்தான் அந்தப் பெயர். சோழர் காலத்து நெய்க் கணக்கை ஒரு பி.காம். பையன் சுவரில் படித்துக்கொண்டிருக்கிறான். அம்மா, என்னிடம் வருகிற நூறு பேரில் இப்படி ஒருவன் வருவது அரிது. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியல் துறை இருக்கிறது. அறநிலையத் துறைச் செயல் அலுவலர் பணிக்குக் குரூப் 7பி, குரூப் 8 தேர்வுகள் இருக்கின்றன. அவற்றில் சைவமும் வைணவமும் பாடம். இதையெல்லாம் இப்போதே அவன் தலையில் ஏற்ற வேண்டாம். சொன்னால் மறுநாளே கோயில் அவனுக்குக் கோச்சிங் சென்டர் ஆகிவிடும். அவனாகக் கேட்டால் சொல்லுங்கள்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். சில பிள்ளைகள் புத்தகத்துக்குப் பயந்து கோயிலில் ஒளிந்துகொள்வார்கள். கண்டுபிடிப்பது சுலபம்: கோயிலிலிருந்து வந்ததும் முகம் தெளிந்து படிக்க உட்காருகிறானா, சிடுசிடுவென்று படுத்துவிடுகிறானா என்று ஒரு வாரம் பாருங்கள். தினம் மூன்று மணி நேரமாவது அடுத்த தேர்வுக்குப் படிப்பு ஓட வேண்டும். குரூப் 4-இல் 200 கேள்வி, அதில் 100 தமிழ். தமிழுக்குரிய 150 மதிப்பெண்ணில் 60 வாங்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

முடிவு வந்தபின் சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு என்று வரிசையாக வரும். தமிழ் வழியில் படித்தவன் என்றால், ஒன்றாம் வகுப்பிலிருந்து அதற்கான சான்றிதழைப் பள்ளி பள்ளியாக ஏறி வாங்க வேண்டும். 20 சதவீத ஒதுக்கீடு அந்தக் காகிதத்தில் இருக்கிறது. கடைசி நேரத்தில் தலைமை ஆசிரியர் விடுப்பில் இருப்பார். இந்த வாரமே போகச் சொல்லுங்கள்.

"இத்தனை செய்றானே, சாமி கைவிடுமா" என்று மட்டும் அவன் காதுபட எப்போதும் பேசாதீர்கள். லிஸ்டில் பெயர் இல்லாமல் போனால் அப்புறம் அவன் அந்த வாசப்படியே மிதிக்க மாட்டான். இப்படிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க ஏறப் போகிறானாமே, அது வேண்டாம். நிர்வாகத்திடம் சொல்லி, விவரம் தெரிந்த உழவாரப் பணிக் குழுவோடுதான் செய்ய வேண்டும். மேலே மட்டும் வெட்டினால் வேர் கல்லுக்குள் இன்னும் இறங்கும். கல்வெட்டு இருக்கிற சுவரைக் கம்பி பிரஷால் தேய்க்கவும் கூடாது.

விளக்கு தேய்க்க வெறும் புளி போதாது. சலித்த அடுப்புச் சாம்பலும் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள், எண்ணெய்ப் பிசுக்கு சீக்கிரம் விடும்.