ஸ்வீடிஷ் பெயர்களைச் சொல்வது எப்படி? – கேள்வி பதில்

ஸ்வீடனில் உப்சாலா நகரத்தில் 19 ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே புதிதாக வருகிற நம்மவர்களுக்கு மாலை நேரத்தில் ஸ்வீடிஷ் சொல்லித் தருகிறேன். பெயர்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்குப் பதில் இதோ. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்துத் தமிழில் எழுதாதீர்கள். ஸ்வீடிஷ் ஒலிகளில் பல, ஆங்கிலத்தில் இல்லாமல் தமிழில் இருப்பவை.

சென்னை: அக்கா, எங்கள் டீமில் லார்ஸ், பியோர்ன், ஆண்டர்ஸ் என்று மூன்று பேர். தினமும் ஃபோன் கால். சரியாகக் கூப்பிட வேண்டும்.

லாஷ், பியோண், அந்தெஷ்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பெயர்கள் இதில் அடங்கிவிடும். ஸ்வீடிஷில் 'ர்' ஒலிக்குப் பின்னால் த, ந, ல, ஸ வந்தால் அந்த 'ர்' தனியாகக் கேட்காது. அடுத்த ஒலியை நாக்கை மடித்துச் சொல்ல வைத்துவிட்டு அது மறைந்துவிடும். ர், த சேர்ந்தால் ட. ர், ந சேர்ந்தால் ண. ர், ல சேர்ந்தால் ள. ர், ஸ சேர்ந்தால் ஷ. கார்ல் என்று நாம் எழுதுகிற பெயர் உண்மையில் காள். தாவரவியல் பாடத்தில் படித்த லின்னேயஸ், இங்கே காள் ஃபொன் லினே. என் வகுப்பில் மற்ற நாட்டவர் வாரக்கணக்கில் போராடும் ண, ள இரண்டையும் நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலேயே எழுதிப் பழகியிருக்கிறார்கள்.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். 'ர்' இல்லாத இடத்தில் பல்லில் நாக்கு படும் 'த'தான். அதனால்தான் அந்தெஷ். ஆண்டர்ஸில் வருகிற 'ண்ட' ஆங்கிலத்தின் வழியாக வந்தது. தலைநகரமும் ஸ்தொக்ஹொல்ம்தான்.

பியோண் என்பதில் வரும் ஓ நம் ஓ இல்லை. நாக்கு ஏ சொல்லட்டும், உதடு ஓ போலக் குவியட்டும். இதற்குத் தமிழில் எழுத்தில்லாததால் ஓ என்றே எழுதுகிறேன்.

திருச்சி: டென்னிஸ் வீரர் பியான் போர்க் பெயரைச் சரியாகச் சொல்வது எப்படி?

1976 முதல் 1980 வரை தொடர்ந்து 5 முறை விம்பிள்டன் வென்றவர். பியோண் பொரி. ஆமாம், அரிசிப் பொரி மாதிரியே. ஆனால் கடைசி இகரம் முழு இகரம் இல்லை; நம் குற்றியலிகரம்போல அரை மாத்திரை. ர்-க்குப் பின்னால் முடிவில் வரும் ஜி (g) எழுத்து இப்படித்தான் ஒலிக்கும். பெர்க் என்று முடிகிற பெயரெல்லாம் 'பெரி'. பெரிமான், தூன்பெரி, வல்லென்பெரி. ஆர்சனலில் ஆடிய கால்பந்து வீரர் யுங்பெரி. அவர் பெயரின் முதல் எழுத்தான எல் ஒலிக்கவே ஒலிக்காது.

பெங்களூரு: என் மேனேஜர் பெயர் கெர்ஸ்டின். சரிதானே?

சரியில்லை. ஶெஷ்டின்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் பக்கத்து மேசை அம்மாவை மூன்று மாதம் கெர்ஸ்டின் என்றே கூப்பிட்டேன். அவர் ஒரு நாளும் திருத்தவில்லை. ஒருநாள் வாசல் பக்கமிருந்து யாரோ 'ஶெஷ்டின்' என்று கூப்பிட, அவர் சட்டென்று திரும்பி, முகம் மலர்ந்து, கையிலிருந்த காப்பியை வைத்துவிட்டு எழுந்துபோனார். நான் கூப்பிட்டபோது ஒரு தடவைகூட அவர் அப்படித் திரும்பியதில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து பழகினேன்.

விதி இதுதான். கே (k) எழுத்துக்குப் பின்னால் எ, இ போல நாக்கின் முன்பகுதியில் பிறக்கும் உயிரொலி வந்தால் (பியோணில் பார்த்த, நாக்கு ஏ சொல்லும் அந்த ஓவும் இதில் சேரும்) ஒலி ஶ, அதாவது ஶ்ரீயில் வருகிற மெல்லிய ஶ. ஜி எழுத்துக்குப் பின்னால் வந்தால் ஒலி ய. அதனால் லின்ஶோப்பிங், யோரான், யொத்தெபொரி. ஆங்கிலத்தில் காத்தன்பர்க் என்கிறார்களே, அந்த ஊர்தான் யொத்தெபொரி. ஶெஷ்டினில் ஶ, ஷ இரண்டும் வருகின்றன. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

ஹைதராபாத்: அப்படியானால் ஐக்கியா (IKEA) மரச்சாமான் கடையை ஏன் இஶேயா என்பதில்லை?

நல்ல கேள்வி. அது சொல் இல்லை, தலையெழுத்துகள். நிறுவனர் இங்வார் காம்ப்ராத், அவர் வளர்ந்த எல்ம்தாரித் பண்ணை, அகுன்னாரித் ஊர் என்ற நான்கின் முதலெழுத்துகள். ஆகவே க அப்படியே நிற்கும்: இக்கேயா. வடக்கே உள்ள கிருனா என்ற ஊரும் விலக்கு, அங்கும் க-தான்.

சேலம்: ரோஜர் ஃபெடரர் பெயரை எப்படிச் சொல்வது?

அவர் சுவிட்சர்லாந்துக்காரர். இது ஸ்வீடன்.

நாமக்கல்: லிண்ட்பெர்க்?

லிந்த்பெரி. மேலே பொரி பதிலைப் பாருங்கள்.

மதுரை (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்): அம்மா, நோபல் பரிசையும் மாற்றச் சொல்வீர்களா? அயல் ஒலியை விட்டு நம் எழுத்தில் எழுதுவதே தொல்காப்பியர் காட்டிய வழி. ஶ, ஷ என்று கிரந்தத்தை ஏன் கூட்டுகிறீர்கள்?

ஐயா, அந்தக் குடும்பப் பெயர் நொபெல், அழுத்தம் பின்பகுதியில். ஸ்கோனெ பகுதியில் உள்ள நொப்பெலோவ் என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. ஆனால் நோபல் பரிசு என்பதை மாற்றச் சொல்ல மாட்டேன். சி.வி. ராமன் 1930-இல் வாங்கிய பரிசு அது. தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. வெப்பநிலை அளவாகிவிட்ட செல்சியஸ் என்ற ஸ்வீடிஷ் பெயரும் அப்படித்தான். எழுதுவதில் உங்கள் கட்சியே என் கட்சி. நான் பேசுவது கூப்பிடுவதைப் பற்றி. எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரை அவர் தாய் கூப்பிட்டதுபோலக் கூப்பிட வேண்டும். கிரந்தம் இங்கே ஒலியைக் காட்டுவதற்கு மட்டும்.

டொராண்டோ: அக்கா, வெள்ளைக்காரர் எங்கட பேரைச் சரியாச் சொல்லுகினமோ? நாங்கள் மட்டும் ஏன் கஷ்டப்படோணும்?

தம்பி, என் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. நான் முதல் தடவை ஶெஷ்டின் என்று சரியாகச் சொன்ன அன்று, ஃபீக்காவுக்கு, அதாவது காப்பி நேரத்துக்கு, அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இப்போது உன் பெயரைச் சொல்லு" என்றார். இலவங்கப்பட்டை பன்னைத் தட்டிலேயே வைத்துவிட்டு, நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று விரலால் உள்ளங்கையில் வளைத்துக் காட்டச் சொல்லிப் பழகினார். வராது என்று விட்டுவிடவில்லை. முதலில் ல, பிறகு ர, இரண்டு வாரத்தில் ழ. யாராவது ஒருவர் முதலில் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

மதுரை: அப்படியானால் ஸ்வீடன் என்பதே பிழை. அவர்கள் ஸ்வேரியெ என்கிறார்களே?

உண்மைதான் ஐயா. நாட்டின் பெயர் அந்தந்த மொழிக்குச் சொந்தம். அவர்களும் நம் நாட்டை இந்தியென் என்கிறார்கள், நான் வருந்துவதில்லை. என் பெயரைச் சிதைத்தால் வருந்துவேன். நாடு திரும்பிப் பார்க்காது, ஆள் திரும்பிப் பார்ப்பார்.

மால்மோ: அக்கா, இங்கே எல்லோரும் லார்ஸ் என்று ர், ஸ் இரண்டும் கேட்கும்படிதானே சொல்கிறார்கள்?

நீங்கள் கேட்பது சரி. தெற்கே ஸ்கோனெ பகுதியில் 'ர்' தொண்டையிலிருந்து வரும், அதனால் ண, ள, ஷ மாற்றம் நடக்காது. பின்லாந்தில் பேசுகிற ஸ்வீடிஷிலும் இந்த மாற்றம் கிடையாது. லாஷ் என்றாலும் புரிந்துகொள்வார்கள். ஆனால் அந்த ஊரில் அந்த ஊர்க்காரர் தன் பெயரை எப்படிச் சொல்கிறாரோ அதுதான் சரி.

டெல்லி (தேர்வுக்குப் படிப்பவர்): ஐ.நா. பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷீல்ட்?

1953 முதல் பதவியிலிருந்து, 1961-இல் ஆப்பிரிக்காவில் ந்தோலா என்ற ஊர் அருகே விமான விபத்தில் இறந்தவர். தாக் ஹம்மர்ஹ்வொல்த். அந்த 'ஹ்வ' இந்த மொழியின் மிகக் கடினமான ஒலி. சூடான காப்பியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து, நாக்கின் பின்பகுதியை உயர்த்தி, காற்றை மட்டும் விடுங்கள். வராவிட்டால் ஷ போடுங்கள். ஸ்வீடிஷ்காரர்களிலேயே பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். கண், வாய் உலர்ந்துபோகும் நோய்க்கு மருத்துவர்கள் சொல்லும் 'ஜோக்ரென்' பெயரும் இந்த ஒலிதான்: ஹ்வோக்ரேன்.

தஞ்சாவூர்: நான் பாட்டு சொல்லித் தருகிறவள். ஸ்வீடிஷ் பாடுவதுபோல் கேட்கிறதே, ஏன்?

உங்கள் காது சரியாகப் பிடித்திருக்கிறது. சொல்லுக்குச் சொல் இரண்டு வகை ஏற்ற இறக்கம் உண்டு. 'அந்தென்' என்பதை ஒரே இறக்கமாகச் சொன்னால் வாத்து. இரண்டு அலையாகச் சொன்னால் ஆவி. எழுதிக் காட்ட முடியாது. கேட்டுத்தான் வரும்.

காரைக்குடி: மேக்னஸ் கார்ல்சன்?

நார்வேக்காரர். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இரு நாட்டிலும் அந்தப் பெயரில் ங் உண்டு: மங்நுஸ்.

ஈரோடு: சோடெர்பெர்க்?

சோதெர்பெரி. பெர்க் எல்லாமே பெரி. இனி அந்தக் கேள்வி வேண்டாம்.

பல ஊர்களிலிருந்து, ஒரே வரியில்: பிரதமராக இருந்த ஊலொஃப் பல்மெ. யூஹான். பூ (போ என்று எழுதுவார்கள்). ஓசா. எழுத்தாளர் செல்மா லாகெள்லோவ், கடைசி எழுத்து எஃப் ஆனாலும் ஒலி வ்.

சென்னை (மறுபடி): அக்கா, இரண்டு வருடமாகத் தப்பாகவே கூப்பிட்டுவிட்டேன். இப்போது திடீரென்று மாற்றினால் சங்கடமாக இருக்காதா?

இருக்காது. நேராகக் கேளுங்கள்: "ஹூர் ஊத்தாலஸ் தித் நம்ன்?" உன் பெயரை எப்படி உச்சரிப்பது என்று அர்த்தம். 'தித்' என்றால் 'உன்'. மேலதிகாரியிடமும் அதே சொல்தான், இங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. அவர் சொன்னதும் இரண்டு தடவை திருப்பிச் சொல்லுங்கள், மூன்றாவது தடவை அவரைத் திருத்தச் சொல்லுங்கள்.