நான்கு வயது முதல் பதினெட்டு வரை ஒரே பள்ளி: சேர்க்கும் முன் எதையெல்லாம் பார்ப்பது?

இங்கிலாந்தில் ரிசெப்ஷன் (நான்கு வயதில் சேரும் முதல் வகுப்பு) தொடங்கி இயர் 11 (பதினாறு வயது) அல்லது இயர் 13 (பதினெட்டு வயது) வரை ஒரே நிர்வாகத்தில் நடக்கும் கட்டணமில்லா அரசுப் பள்ளிகளை ஆல்-த்ரூ ஸ்கூல் என்கிறார்கள். அப்படிப்பட்ட பெரிய பள்ளிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: வீட்டுக்குப் பக்கத்தில் ஏறக்குறைய 1,800 பிள்ளைகள் படிக்கும் ஆல்-த்ரூ பள்ளி இருக்கிறது. ஆஃப்ஸ்டெட் (பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பு) அறிக்கை நன்றாக இருக்கிறது. மகளை ரிசெப்ஷனில் சேர்த்துவிட்டால் சிக்ஸ்த் ஃபார்ம் (இயர் 12, 13) வரை கவலையில்லை என்கிறார் என் கணவர். சரிதானா?

ஒரே அறிக்கையை நம்பி பதினான்கு வருடத்தை ஒப்படைக்க வேண்டாம். பெயர்ப்பலகை ஒன்றுதான். ஆனால் உள்ளே இருப்பது ஆண்டுக்கு 60 பேர் கொண்ட ஒரு சின்னத் தொடக்கப் பள்ளி, ஆண்டுக்கு 180 அல்லது 240 பேர் கொண்ட ஓர் உயர்நிலைப் பள்ளி, அதற்கு மேல் ஒரு சிக்ஸ்த் ஃபார்ம். மூன்றின் தரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. பதிவு எண் ஒன்று என்பதால் ஆஃப்ஸ்டெட் மூன்றையும் சேர்த்து ஒரே பள்ளியாகத்தான் பார்க்கிறது.

முதலில் அறிக்கையின் தேதியைப் பாருங்கள். 'அவுட்ஸ்டாண்டிங்' வாங்கிய பள்ளிகளுக்கு 2012 முதல் 2020 வரை வழக்கமான ஆய்விலிருந்து விலக்கு இருந்தது. அதனால் பத்தாண்டுக்கும் மேலாக ஆய்வே நடக்காத பள்ளிகள்கூட அந்தப் பட்டத்தை வாசலில் தொங்கவிட்டிருந்தன. 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு அந்த ஒற்றைச் சொல் தீர்ப்பை நிறுத்திவிட்டார்கள். 2025 நவம்பர் முதல் ரிப்போர்ட் கார்டு முறை நடக்கிறது. பாடத்திட்டமும் கற்பித்தலும், அடைவு, வருகையும் ஒழுக்கமும், இன்க்ளூஷன் (எல்லா வகைப் பிள்ளைகளையும் அரவணைப்பது) போன்ற ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஐந்து படிகளில் தரம் போடுகிறார்கள்: எக்ஸெப்ஷனல், ஸ்ட்ராங் ஸ்டாண்டர்ட், எக்ஸ்பெக்டட் ஸ்டாண்டர்ட், நீட்ஸ் அட்டென்ஷன், அர்ஜென்ட் இம்ப்ரூவ்மென்ட். பிள்ளைகளின் பாதுகாப்புக்குத் தரம் கிடையாது, நிறைவேறியதா இல்லையா என்பது மட்டும்தான். நடுவில் உள்ள 'எக்ஸ்பெக்டட்' என்ற சொல்லைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். செய்ய வேண்டியதைப் பள்ளி சரியாகச் செய்கிறது என்றுதான் அதற்குப் பொருள்.

புதிய முறையில் ரிசெப்ஷன் உள்ளிட்ட எர்லி இயர்ஸுக்கும் சிக்ஸ்த் ஃபார்முக்கும் தனித் தரம் உண்டு. இயர் 1 முதல் இயர் 11 வரை எல்லாம் ஒரே கூடைக்குள். ஆகவே அறிக்கையை அச்சடித்து, பேனாவோடு உட்காருங்கள். 'பிரைமரி ஃபேஸ்', 'செகண்டரி ஃபேஸ்', 'யங்கர் பியூப்பில்ஸ்', 'ஓல்டர் பியூப்பில்ஸ்' என்று வரும் இடங்களிலெல்லாம் கோடு போடுங்கள். பாராட்டு முழுவதும் ஒரு பக்கமும் குறை முழுவதும் இன்னொரு பக்கமும் குவிவது அப்போதுதான் கண்ணில் படும். வாசிப்புப் பயிற்சி சிறப்பு என்பது சின்னப் பிள்ளைகளைப் பற்றியதாக இருக்கும், சில பாடங்களில் ஆசிரியர் எதிர்பார்ப்பு குறைவு என்பது இயர் 8, 9 பற்றியதாக இருக்கும்.

பள்ளி அகாடமியாக (கவுன்சிலின் கீழ் இல்லாமல் தனி அறக்கட்டளை நடத்தும் அரசுப் பள்ளி) மாறியிருந்தால் பழைய அறிக்கை பழைய பதிவு எண்ணின் கீழ் கிடக்கும். கல்வித்துறையின் 'கெட் இன்ஃபர்மேஷன் அபௌட் ஸ்கூல்ஸ்' தளத்தில் முந்தைய பள்ளிக்கான இணைப்பு இருக்கும், அதையும் திறந்து பாருங்கள்.

கேள்வி: இயர் 6 சாட்ஸில் (தொடக்கப் பள்ளி முடிவில் எழுதும் தேசியத் தேர்வு) 80 சதவீதம் பேர் தேறினார்கள் என்று பள்ளி பெருமையாகப் போட்டிருக்கிறது. போன வருடம் 70தான். இது உண்மையான முன்னேற்றமா?

அறுபது பேர் வகுப்பில் 80 சதவீதம் என்றால் 48 பிள்ளைகள், 70 என்றால் 42. ஆறு பிள்ளைகள்தான் வித்தியாசம். ஒரு பிள்ளை மட்டுமே 1.7 சதவீதம். முப்பது பேர் வகுப்பானால் ஒரு பிள்ளைக்கு 3.3. மே மாதத்தில் இரண்டு பேர் புதிதாக வந்து சேர்ந்தாலே எண் ஆடிவிடும். மூன்று வருட எண்களைக் கூட்டிச் சராசரி எடுங்கள். ஒப்பிட ஒரு அளவுகோல்: வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் எதிர்பார்த்த தரத்தை எட்டியவர்கள் 2025இல் நாடு முழுவதும் 62 சதவீதம். வாசிப்பு, கணக்குத் தேர்வுகளின் மதிப்பெண் 80 முதல் 120 வரையான அளவில் வரும், 100 எடுத்தால் எதிர்பார்த்த தரம். 'ஹையர் ஸ்டாண்டர்ட்' எனப்படும் மேல்படியை நாடு முழுவதும் எட்டுவது 8 சதவீதம் அளவில்தான். உங்கள் பிள்ளை நன்றாகப் படிப்பவர் என்றால் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

ஆல்-த்ரூ பள்ளியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய உயர்நிலைப் பள்ளி ஒன்று பின்னால் தொடக்கப் பிரிவைச் சேர்த்திருக்கலாம். 2019 செப்டம்பரில் முதல் ரிசெப்ஷன் வகுப்பு திறந்திருந்தால், அந்தப் பிள்ளைகள் சாட்ஸ் எழுதுவது 2026 மே மாதத்தில், ஜிசிஎஸ்இ (இயர் 11 முடிவில் வரும் பொதுத்தேர்வு) எழுதுவது 2031இல். அதுவரை வரும் ஜிசிஎஸ்இ முடிவில் இந்தப் பள்ளியிலேயே அ, ஆ கற்ற ஒரு பிள்ளைகூட இருக்கமாட்டார். எந்த வருடம் தொடக்கப் பிரிவு வந்தது என்று கேட்டுவிட்டுப் பிறகு எண்களைப் பாருங்கள்.

கேள்வி: ஜிசிஎஸ்இ பக்கத்தில் எதைப் பார்ப்பது? ப்ரோக்ரஸ் 8 என்ற எண்ணையே காணோம்.

காணாமல் போனதற்குப் பள்ளி காரணமில்லை. ப்ரோக்ரஸ் 8 என்பது ஒரு பிள்ளை இயர் 6 முடிவில் இருந்த நிலையிலிருந்து ஜிசிஎஸ்இயில் எவ்வளவு தூரம் வந்தார் என்று அளப்பது. கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருடமும் சாட்ஸ் நடக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் இயர் 11 முடிப்பது 2025இலும் 2026இலும். தொடங்கிய இடம் தெரியாததால் அந்த இரண்டு வருடத்துக்கும் கணக்கிட வழியில்லை. ஆகவே 2023, 2024 எண்களைத் தேடி எடுங்கள்.

பூஜ்யம் என்பது நாட்டின் சராசரி. +0.5 என்றால், தொடக்கத்தில் இதே நிலையில் இருந்த பிள்ளைகளைவிடப் பாடத்துக்கு அரை கிரேடு கூடுதல். பக்கத்திலேயே ஒரு வீச்சும் போட்டிருப்பார்கள், +0.15க்கு அருகில் '-0.05 முதல் 0.35 வரை' என்பது போல. அந்த வீச்சுக்குள் பூஜ்யம் விழுந்தால் பள்ளி சராசரியிலிருந்து வேறுபட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு பள்ளிகளில் ஒன்று +0.15, மற்றொன்று +0.22 என்றால் அதை வைத்துத் தேர்வு செய்யாதீர்கள்.

அட்டெயின்மென்ட் 8 (எட்டுப் பாடக் கிரேடுகளின் மொத்தம், ஆங்கிலமும் கணக்கும் இரட்டிப்பாக) எல்லா வருடத்துக்கும் கிடைக்கும், அதிகபட்சம் 90. பத்தால் வகுத்தால் சராசரி கிரேடு வந்துவிடும்: 52 என்றால் 5.2. அண்மை ஆண்டுகளில் தேசிய சராசரி 46ஐ ஒட்டியே இருக்கிறது. இது சேர்ந்த பிள்ளைகள் யார் என்பதையும் சேர்த்தே காட்டும் எண். வசதியான பகுதியில் எந்தப் பள்ளிக்கும் இது உயரும். ஆங்கிலத்திலும் கணக்கிலும் கிரேடு 5 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை சதவீதம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது ஆல்-த்ரூ பள்ளிக்கே உரிய கேள்வி. இயர் 11இல் 180 பேர் என்றால், 55 பேர் கீழ் வகுப்பிலிருந்து ஏறி வந்தவர்கள், 125 பேர் இயர் 7இல் வெளியிலிருந்து சேர்ந்தவர்கள் என்று இருக்கும். பள்ளி முடிவுகளை வெளியிடும் அரசுத் தளத்தில் இரண்டும் கலந்தே வரும். பள்ளியால் அதைப் பிரித்துக் கணக்கிட முடியும், கேளுங்கள். ஏறி வந்த 55 பேர் பின்தங்கியிருந்தால், தொடக்கப் பிரிவில் சேர்ப்பதன் லாபம் என்ன என்று யோசிக்க வேண்டும்.

இயர் 7 கணக்கு வகுப்பு எந்தப் பாடத்தில் தொடங்குகிறது என்றும் கேளுங்கள். இருபது முப்பது பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகளைச் சமப்படுத்த முதல் டெர்ம் முழுக்க இயர் 6 பாடத்தையே திருப்பினால், அதே பள்ளியில் அதைப் படித்து முடித்த பிள்ளைக்கு மூன்று மாதம் வீண். இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கும் பள்ளி, ஆல்-த்ரூ என்ற அமைப்பை உண்மையிலேயே பயன்படுத்தும் பள்ளி.

கேள்வி: அந்தப் பள்ளியில் பாதிக்கு மேல் நம்மவர்கள்தான். எல்லோரும் சனி, ஞாயிறு டியூஷன் போகிறார்கள். முடிவு நல்லது என்றால் பெருமை பள்ளிக்கா டியூஷனுக்கா?

முடிவை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. வீட்டில் ஆங்கிலமல்லாத மொழி பேசும் பிள்ளைகளின் ப்ரோக்ரஸ் 8 தேசிய அளவிலேயே மற்றவர்களைவிடச் சராசரியாகக் கூடுதல். அதனால் அவர்கள் நிறைய இருக்கும் பள்ளிக்கு எண் இயல்பாகவே ஏறும். டியூஷனுக்குக் காசு கொடுக்க முடியாத பிள்ளைகளுக்குப் பள்ளி என்ன செய்கிறது என்று பாருங்கள். அரசுத் தளத்தில் பள்ளியின் செயல்திறன் பக்கத்தில் 'டிஸ்அட்வான்டேஜ்டு', அதாவது வசதி குறைந்த பிள்ளைகளின் முடிவு தனியாக இருக்கும். அவர்களும் நன்றாக ஏறியிருந்தால் அது வகுப்பறையின் வேலை. அவர்கள் மட்டும் தரையில் கிடந்தால், பெற்றோர் கட்டிய டியூஷன் காசைப் பள்ளி தன் பெயரில் வரவு வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இன்னொன்று, போனவர்கள் கணக்கு. ஜிசிஎஸ்இ முடிவில் சேர்வது இயர் 11 ஜனவரிக் கணக்கெடுப்பில் பதிவேட்டில் இருந்த பிள்ளைகள் மட்டும். அதற்கு முன்பே போய்விட்ட பிள்ளை எண்ணில் வரமாட்டார். வீடு மாறிப் போவது எங்கும் நடப்பதுதான். ஆனால் இயர் 10 தொடக்கத்தில் 190 பேர், இயர் 11 ஜனவரியில் 174 பேர் என்றால் அந்தப் பதினாறு பேர் எங்கே போனார்கள் என்று தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள். வகுப்பு முழுதாக இருந்தது, யாரும் வெளியே தள்ளப்படவில்லை என்பது எங்களுக்கு நல்ல சராசரியைவிடப் பெரிய விஷயம். 'பெர்சிஸ்டன்ட் அப்சென்ஸ்', அதாவது பத்து சதவீதம் அல்லது அதற்கு மேல் பள்ளி தவறிய பிள்ளைகளின் விகிதத்தையும் அதே தளத்தில் பார்க்கலாம்.

கேள்வி: மகன் இங்கேயே நர்சரியில் இருக்கிறான். இனி விண்ணப்பம் எதுவும் தேவையில்லையே? பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வாங்கலாமா என்றும் யோசிக்கிறோம்.

தேவை. அதே கட்டடத்தில் நர்சரி படித்தாலும் ரிசெப்ஷனுக்கு கவுன்சில் வழியாக ஜனவரி 15க்குள் விண்ணப்பிக்க வேண்டும், முடிவு ஏப்ரல் 16. இதில் ஏமாந்து கடைசி நேரத்தில் ஓடுகிற குடும்பங்கள் உண்டு. இயர் 6இலிருந்து அதே பள்ளியின் இயர் 7க்கு ஏறுவது தானாக நடக்கும், அதற்கு விண்ணப்பம் வேண்டாம். வெளியிலிருந்து இயர் 7க்கு வருபவர்களுக்குக் கடைசி நாள் அக்டோபர் 31, முடிவு மார்ச் 1. சிக்ஸ்த் ஃபார்முக்கு உத்தரவாதம் இல்லை. கேட்கும் கிரேடுகள் உள்ளே படித்தவருக்கும் வெளியிலிருந்து வருபவருக்கும் ஒன்றேதான்.

வீடு விஷயத்தில் நிதானம் தேவை. 'இந்தப் பள்ளியின் கேட்ச்மென்ட்' (பள்ளியில் இடம் கிடைக்கும் சுற்றுவட்டாரம்) என்று ஏஜென்ட் விளம்பரத்தில் போடுவதை நம்பி முடிவெடுக்காதீர்கள். கவுன்சில் வெளியிடும் சேர்க்கைக் கையேட்டில் கடைசியாக இடம் கிடைத்த வீட்டின் தூரம் இருக்கும். மூன்று நான்கு வருடத்துக்கு எடுங்கள். 0.9 மைல், 0.7, 0.5 என்று சுருங்கி வந்தால் 0.45 மைலில் வீடு வாங்குவது சூதாட்டம். ஆல்-த்ரூ பள்ளியில் அண்ணன், அக்கா எல்லா வயதிலும் இருப்பார்கள், ஆகவே உடன்பிறந்தோர் முன்னுரிமையிலேயே நிறைய இடம் போய்விடும். இயர் 7இல் 180 இடம், 60 உள்ளிருந்து வருபவர்களுக்கு என்றால் வெளியாருக்கு 120தான். அதிலும் கவுன்சில் பராமரிப்பில் உள்ள பிள்ளைகள், உடன்பிறந்தோர் போக மீதிதான் தூரத்தை வைத்து வரும். தூரத்தை நேர்கோட்டில் அளக்கிறார்களா நடைபாதை வழியாகவா என்பதையும் சேர்க்கை விதிகளில் பாருங்கள். விண்ணப்பத்துக்காக மட்டும் வாடகை முகவரி எடுப்பது வேண்டாம். கவுன்சில் கண்டுபிடித்தால், கொடுத்த இடத்தையே திரும்பப் பெறலாம்.

கேள்வி: ஓப்பன் டே போகிறோம். ஒரு மணி நேரத்தில் எதைப் பார்ப்பது?

மேடைப் பேச்சைக் குறைத்துக்கொண்டு வகுப்பு மாறும் ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். அது சாதாரணப் பள்ளி நாளில்தான் கிடைக்கும், எனவே மாலை நிகழ்ச்சிக்குப் போனாலும் தனியாக ஒரு பகல் நேரம் கேட்டு வாங்குங்கள். பதினைந்து வயதுப் பையன்கள் நிறைந்த தாழ்வாரத்தை ஐந்து வயதுப் பிள்ளை கடக்க வேண்டியிருக்கிறதா, வாசல், விளையாட்டிடம், சாப்பாட்டு நேரம் தனித்தனியா என்று கவனியுங்கள். இயர் 7, 8 பிள்ளைகளின் கழிவறைக்குள் ஒரு முறை போய்விட்டு வாருங்கள். சோப்பு இருக்கிறதா, தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்பது அன்றாட நிர்வாகத்தை எந்தக் கையேட்டையும்விட நன்றாகச் சொல்லும்.

ஆசிரியர்களிடம் மூன்று கேள்வி போதும். இந்த வருடம் கணக்கிலும் அறிவியலிலும் அந்தப் பாடத்தில் தேர்ச்சி பெறாத ஆசிரியர் எடுக்கும் வகுப்புகள் எத்தனை, அவை எந்த செட் (திறமைக்கேற்பப் பிரித்த குழு)? பலவீனமான செட்டுக்குத்தான் மாற்று ஆசிரியர் என்றால் ஜாக்கிரதை. ஜிசிஎஸ்இ பாடத்தேர்வு இயர் 8 முடிவிலா இயர் 9 முடிவிலா? இயர் 8இலேயே என்றால் பிள்ளை வரலாற்றையோ இசையையோ பதின்மூன்று வயதில் விட்டுவிடுகிறார். தொடக்கப் பிரிவை நடத்தும் பொறுப்பாளர் யார், எத்தனை வருடமாக இருக்கிறார்? பெரிய பள்ளியின் தலைமையாசிரியரைச் சின்ன வகுப்புப் பெற்றோர் வருடத்துக்கு இரண்டு முறை பார்த்தாலே அதிகம். உங்கள் மகளின் முதல் ஏழு வருடமும் அந்தப் பொறுப்பாளரின் கையில்தான் இருக்கும், அவரிடம் பத்து நிமிடம் பேசாமல் கிளம்பாதீர்கள்.